டேப்லெட்டின் இடது ஓரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே அனல். மாடியில் போட்ட துணி காய்ந்து அட்டையாக விறைத்துக் கிடந்தது. குழாயில் தண்ணீர் இல்லை. லேபில் கூட்டம், ரத்தம் எடுத்து எடுத்து மணிக்கட்டு வலி.

மகள் பவித்ரா ஆர்டர் போட்ட டேப்லெட் வந்தது. சென்னையில் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் அப்பாவுக்கென்று (நைனா என்றுதான் கூப்பிடுவாள்) வாங்கும் முதல் பொருள். பெட்டியின் மேல் தீப்பொறி பறக்க வாள் பிடித்த ஒரு வீரன். கேமிங் டேப்லெட்டாம். உள்ளே இருப்பது சாதுவான கறுப்புச் சாமான். போனை விடப் பெரியது, பள்ளிக்கூட நோட்டை விடச் சின்னது. ஒரு கையில் அடங்குகிறது.

போனில் கேட்டேன், "உங்க நைனாவுக்கு எதுக்குடி விளையாட்டு டேப்?"

"ம்மா, விரலுக்கு வேலை குடுக்கற மாதிரி கேம் ஆடணும்னு பிசியோ அக்காதானே சொன்னாங்க. பெரிய டேப்னா வெயிட்டு, நைனாவால புடிக்க முடியாது. போன் ரொம்பச் சின்னது. இது நடுவுல. தொட்டா உடனே கேக்கும். புடிக்கலன்னா பத்து நாளுக்குள்ள திருப்பிடலாம். நீ டெய்லி பாத்து நல்லது, கெட்டது எழுதி வை."

அதற்காக இந்த டைரியைத் தேடி எடுத்தேன். பொங்கல் வரை எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு வெற்றுத் தாள்.

பொங்கலுக்கு அடுத்த வாரம்தான் அவர் குளியலறையில் சாய்ந்தார். ஸ்ட்ரோக். இடது கை, இடது கால். பேச்சு போகவில்லை, அந்த மட்டும் புண்ணியம். இப்போது நடக்கிறார். சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறார். அடுத்த மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். இவர் கேட்பதாக இல்லை. கை நன்றாகிவிட்டது என்று பஸ் முதலாளியிடம் பேசிவிட்டார். வருகிற திங்கட்கிழமை வண்டி எடுக்கிறார். ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்.

நானும் தடுக்கவில்லை. யாரிடமும் சொல்லாதது: அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. போகட்டும் என்றுதான் இருக்கிறது.

டேபை அவர் மடியில் வைத்தேன்.

"இன்னா இது, சிலேட்டா?"

"உங்க பொண்ணு அனுப்பிச்சுது."

"எனக்கு எதுக்கு பொம்மை? திங்கக்கெழம வண்டி எடுக்கறேன்."

ஆனால் கீழே வைக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில் குறையவில்லை. மத்தியானம் கரண்ட் போய் லேபில் மெஷின் பாதியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து.

டேப். நல்லது:

வெளிச்சம். வாசலில் உட்கார்ந்தாலும் தெரிகிறது.

விரலால் தள்ளினால் ஈர சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. என் போன் திக்கித் திக்கிப் போகும்.

நீளப் பக்கத்திலும் சார்ஜர் குத்த ஓர் இடம். படுக்கைவாட்டில் பிடித்தால் வயர் கையில் இடிக்காது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இடது கையால் அவரே பிடிக்கிறார். கொஞ்ச நேரம்தான். ஆனாலும்.

கெட்டது: சிம் போட இடமில்லை. இயர்போன் குத்த இடமில்லை. முதுகில் ஒரு சிவப்பு விளக்கு, எதற்கென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஆடினால் சூடு.

சாயங்காலம் என் தம்பி சேகர் வந்தான், அவரை பாவா என்று கூப்பிடுகிறவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவன்தான் கேம் ஏற்றிக் கொடுத்தான். ஒன்று, கீழே விழுகிற பழங்களை விரலால் வெட்டுவது. இன்னொன்று பஸ் ஓட்டுவது.

"பாவா, இது உங்களுக்குன்னே கீது. கியர், பிரேக், ஹாரன் எல்லாம் இருக்குது பாருங்க."

பஸ் கேம் திறந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அப்படித்தான் நிமிர்வார். கல்யாணமான புதிதில் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐந்து மாதம் கழித்து அந்த முதுகைப் பார்த்தேன். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வரும்போது திட்டிக்கொண்டிருந்தார். "இன்னாடா வண்டி இது, அலைன்மென்ட்டே சரியில்ல. இழுக்குது."

இடித்தால் டேப் கையில் அதிர்கிறது. அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஜூன் 11, புதன்

இரவு லேசாகத் தூறல். மண் கூட நனையவில்லை. திருத்தணி மலைக்குப் போகிற வண்டிகளின் ஹாரன் காலையிலேயே.

அவர் ஷேவ் செய்துகொண்டார். பாதிக் கன்னத்தில் முள் அப்படியே. எழுந்து வரும்போது கதவில் தோளை இடித்துக்கொண்டார். கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை போல.

மத்தியானம் லேபிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். டேபும் கையுமாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ் நேராகத்தான் போகிறது. பிறகு மெல்ல இடது பக்கம் ஒதுங்கி, நிற்கிற லாரி மேல் இடிக்கிறது. திரும்ப ஆரம்பிக்கிறார். இடது பக்கம் பஸ் ஸ்டாப். ஆட்கள் நிற்கிறார்கள். அங்கேயும் இடி.

"எதுல இடிச்சேன் இப்ப?" என்று என்னைக் கேட்டார்.

"ஸ்டாப்புல."

"ஸ்டாப்பா? எங்க?"

பழம் வெட்டுகிற ஆட்டமும் அதே கதை. வலது பக்கம், நடுவில் விழுவதை எல்லாம் அழகாக வெட்டுகிறார். இடது பக்கம் விழுகிற பழங்கள் ஒன்று கூட வெட்டுப்படவில்லை. எல்லாம் கீழே போய் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

"லெஃப்டுல வேல செய்யல இது. டூப்ளிகேட் சாமான். ஏமாத்திட்டாங்க புள்ளய."

கெட்டதில் எழுதினேன்: இடது ஓரத்தில் டச் வேலை செய்யவில்லை. அடியில் கோடு போட்டேன்.

பவித்ராவுக்குப் போன். வருத்தப்பட்டாள். ஆசையாகத் தேடி வாங்கியது.

"சரிம்மா, ரிட்டர்ன் போட்டுட்டேன். சனிக்கெழம ஆள் வந்து எடுத்துகினு போவாங்க. பெட்டிய தூக்கிப் போட்டுடாத."

பெட்டி பீரோ மேல் இருக்கிறது.

பீன்ஸ் பொரியலை இன்றும் தொடவில்லை. தட்டில் ஒரு ஓரமாக அப்படியே. அவருக்குப் பீன்ஸ் பிடித்ததுதான். வாய் ருசி மாறிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

திருப்புவதற்கு முன் சேகரிடம் ஒரு தடவை காட்டலாம் என்று லேபுக்குப் போகிற வழியில் கடையில் கொடுத்தேன். ஒரே சத்தம் அங்கே. திருப்பதி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரல், ஜூஸ் கடை மிக்ஸி.

சேகர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தான். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். விரல் பட்ட கட்டம் பச்சை ஆகும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மேலும் கீழும் தேய்த்தான். எல்லாக் கட்டமும் பச்சை. இடது ஓரமும்.

"அக்கா, ஸ்கிரீன்ல ஒரு கொறையும் இல்ல. சூப்பர் பீஸு. யார் சொன்னாங்க டச் போச்சுன்னு?"

"பாவாதான். நானும் பாத்தேனே."

"பாவாவுக்கு கை வழுக்கியிருக்கும். வயசாவுது இல்ல?" சிரித்தான்.

லேபில் உட்கார்ந்தபோது வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு ரிசல்ட் சந்தேகமாக இருந்தால் அதே ரத்தத்தை இன்னொரு மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். மெஷினில் கோளாறா, ரத்தத்திலேயே அப்படியா என்று தெரிந்துவிடும். அது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் டேபைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தேன். படமும் கூடவே திரும்பிக்கொண்டது. முன்பு இடது ஓரமாக இருந்தது இப்போது அவருக்கு வலது பக்கம். டேபில் கோளாறு என்றால் இப்போது வலப்பக்கப் பழங்கள் தப்ப வேண்டும்.

தப்பவில்லை. வலது பக்கம் எல்லாம் வெட்டினார். இடது பக்கம்தான் கீழே போயிற்று.

நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் கண்ணைப் பார்த்தேன். இடது பக்கம் போகவே இல்லை. நடுவில் வந்து, ஏதோ சுவர் இருக்கிற மாதிரி திரும்பிவிடுகிறது.

படம் வரைகிற பக்கத்தைத் திறந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இறைத்த மாதிரி புள்ளி வைத்தேன்.

"எல்லாப் புள்ளியையும் தொடுங்க."

"இன்னாத்துக்கு?"

"சேகரு டெஸ்ட்டு பண்ணச் சொன்னான்."

தொட்டார். நிதானமாக, ஒவ்வொன்றாக. வலப்பக்கம் முழுக்க. நடுவில் இரண்டு மூன்று. நிறுத்தினார்.

"ஆச்சு."

"எல்லாமா?"

"ஆங், எல்லாந்தான். இன்னும் எங்க கீது?"

பாதித் திரை நிறையப் புள்ளிகள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. பொய்யும் இல்லை. எல்லாவற்றையும் தொட்டுவிட்ட ஆளின் முகம்.

சாப்பாடு போட்டேன். தட்டின் இடது பாதி அப்படியே இருந்தது. இந்த ஐந்து மாதமும் பொரியலை நான் அந்தப் பக்கம்தான் வைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

காற்று. தெருவெல்லாம் புழுதி.

பிசியோ பெண்ணுக்குப் போன் செய்தேன். லேபின் பின்பக்கம், சிலிண்டர் வைக்கிற இடத்தில் நின்று, மெதுவாக. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னாள்:

"அக்கா, கண்ணு நல்லாதான் இருக்கும். மூளை அந்தப் பக்கத்த கணக்குலயே எடுத்துக்கல. சில பேருக்கு இந்த மாதிரி ஆவும். அவங்களுக்கே தெரியாது. அதான் இதுல கஷ்டம். இல்லாத மாதிரிதான் இருக்கும் அவங்களுக்கு."

"சரியாவுமா?"

"டாக்டர்கிட்ட உடனே காட்டுங்க. அடுத்த மாசம் வரைக்கும் வெச்சிருக்காதீங்க. அண்ணன் வண்டி ஓட்டறேன்னு சொல்லிகினு இருந்தாரே, விட்றாதீங்கக்கா."

வீட்டுக்கு வந்தால் காக்கிச் சட்டை துவைத்து இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்குகிறது. அவரே துவைத்தாராம். இடது கை முழுக்கப் பக்கெட்டில் வைத்துக் கசக்கினேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். முதலாளி போன் செய்திருக்கிறார். திங்கட்கிழமை காலை ஷிப்ட்.

கே.ஜி.கண்டிகையில் அவர் பஸ்ஸில் ஏறுகிற ஃபேக்டரிப் பெண்கள் ரோட்டின் இடது ஓரத்தில், இருட்டுப் பிரியாத நேரத்தில் நிற்பார்கள். நீல யூனிஃபார்ம், டிபன் பை. எனக்கு முகம் தெரிந்தவர்கள். ஸ்கூல் திறந்தாயிற்று; சைக்கிள் பிள்ளைகள் எல்லாம் இடது ஓரம்தான்.

இன்று மாலை மனதில் ஓடியதை எழுதிவிடுகிறேன். நாளை ஆள் வந்து டேபை எடுத்துப் போய்விடுவான். டச் கெட்டது, திருப்பினோம். அவருக்கும் அதுதான் தெரியும், பவித்ராவுக்கும் அதுதான். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பழைய மாதிரி கிளம்பிப் போவார். டாக்டர் அடுத்த மாதம் பார்ப்பார். அதுவரை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம்.

இருக்கலாம். இதை நான்தான் எழுதினேனா.

அந்தப் பெண்களுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள்.

ஜூன் 14, சனி

லீவு போட்டேன். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு இருந்தது, வரவில்லை.

காலை டிபன் ஆனதும் கூரியர் ஆள் வந்தார். "ரிட்டர்ன் பிக்கப்புங்க. பெட்டியோட குடுங்க."

"திருப்பலைங்க."

"கேன்சலா? ஓகே." போய்விட்டார்.

உள்ளேயிருந்து அவர், "ஏம்மே, கெட்டுப்போச்சின்னு சொன்னியே, அனுப்பலையா?"

எதிரில் உட்கார்ந்தேன். அவருக்கு வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"டேப் கெடலைங்க. சேகரு பாத்துட்டான். அது நல்லாதான் கீது."

"அப்ப?"

"உங்களுக்கு லெஃப்டு சைடு தெரியலைங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். பிசியோ பெண் சொன்னதையும் சொன்னேன். தட்டு, கன்னம், கதவில் இடித்துக்கொள்கிற தோள், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என்னிய குருடன்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லலைங்க."

"இருவத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டறேன். ஒரு கேஸு கெடையாது என் மேல. ஒரு சொட்டு ரத்தம் பாத்ததில்ல ரோட்ல. நீ ஒரு பொம்மைய வெச்சிகினு எனக்கு கண்ணு தெரியலன்றியா? நான் வேலைக்குப் போவக்கூடாது, அதான் உனக்கு? இப்படியே குந்திகினு இருக்கணும், நீ சம்பாரிச்சுப் போடணும்?"

பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் எழுந்தார்.

வாசல் வரை போனார். நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எடு அந்த டப்பாவ."

புள்ளி வைத்துக் கொடுத்தேன். தொட்டார். முந்தாநாள் மாதிரியேதான். நிதானமாக, கவனமாக, ஒவ்வொன்றையும் அழுத்தி.

"பாத்தியா? எல்லாம் தொட்டாச்சு."

"தலையை இந்தப் பக்கம் திருப்புங்க. நல்லா. இன்னும். என் கையைப் பாருங்க."

கையை டேபின் இடது ஓரத்தில் வைத்தேன். தலை மெல்லத் திரும்பியது. கண் என் விரலுக்கு வந்தது. விரலிலிருந்து திரைக்குப் போயிற்று.

"இது இப்ப வெச்சியா?"

"இல்லைங்க. அப்பவே இருந்துது."

"நான் பாக்காதப்போ வெச்சிருக்கற."

"பவித்ரா மேல சத்தியமா அப்பவே இருந்துது."

தலையை வலது பக்கம் திருப்பினார். திரும்ப இடது பக்கம். மறுபடி வலது. புள்ளி போகிறது, வருகிறது, போகிறது என்று ஒவ்வொரு தடவையும் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்த முகத்தை எழுத எனக்கு வரவில்லை.

"அந்தப் பக்கம் இல்லன்னு கூட தெரியலயே மே எனக்கு," என்றார்.

போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. நானும்.

ஜூன் 15, ஞாயிறு

காலை டிரெயினில் பவித்ரா வந்தாள். நேற்றே போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். நைனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் ஆபீஸ் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஆங், ஆங் என்றார். அவ்வளவுதான்.

திடீரென்று எழுந்து சட்டை போட்டார். காக்கி இல்லை, வெள்ளைச் சட்டை.

"சேகரக் கூப்புடு. செட்டுக்குப் போவணும்."

பஸ் நிறுத்துகிற செட் பைபாஸ் பக்கம். சேகர் ஆட்டோ பிடித்து வந்தான். நானும் ஏறிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலாளி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளுக்கு ஆயில் மாற்றுகிற நாள். "வாப்பா தணிகாசலம்! நாளைக்குதானே வரச் சொன்னேன், இன்னிக்கே வந்துட்டியே," என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"சாவி குடு மொதலாளி. ஸ்டார்ட் பண்ணல. சும்மா குந்திப் பாக்கறேன்."

ஏறினார். இடது கையால் கம்பியைப் பிடித்தே ஏறினார். சீட்டில் உட்கார்ந்ததும் அதே முதுகு. ஸ்டியரிங்கில் இரண்டு கையும். நான் கீழே, வலது பக்கம் நின்றேன்.

"சேகரு, நீ முன்னாடி போய் லெஃப்டுல நில்லு. எங்க நிக்கறன்னு சொல்லாத."

சேகர் என்னைப் பார்த்தான். போ என்று தலையசைத்தேன். பஸ்ஸின் முன்பக்கம் போய் இடது ஓரத்தில், ஆள் கை நீட்டி நிறுத்துகிற தூரத்தில் நின்றான். சிவப்புச் சட்டை. நல்ல வெயில்.

இவர் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"போனியா?"

சேகர் பேசவில்லை.

"டேய், போனியான்னு கேக்கறேன் இல்ல?"

"இங்கதான் நிக்கறேன் பாவா." சேகர் கையைத் தூக்கிக் காட்டினான்.

தலையைத் திருப்பினார். சிவப்புச் சட்டையைப் பார்த்தார். ஆயில் மாற்றிக்கொண்டிருந்த ஆட்கள் கூட வேலையை நிறுத்திவிட்டார்கள். முதலாளிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கினார். சாவியை முதலாளி கையில் வைத்தார்.

"எனக்கு லெஃப்டு இல்ல மொதலாளி. நாளைக்கு வேற ஆளப் போடு."

"தணிகாசலம், டாக்டராண்ட காட்டி, கொஞ்ச நாள் போனா..."

"போனா பாக்கலாம். நானே வந்து கெஞ்சினாலும் அதுவரைக்கும் இத என் கையில குடுக்காத."

ஆட்டோவிலேயே வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டில் பவித்ரா சோறு வடித்து வைத்திருந்தாள். சாப்பிட்டார். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிச் சாப்பாட்டில் தட்டைத் திருப்பி வைத்தாள். திருப்பினதையும் பார்த்தார்.

ஜூன் 16, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. பஸ் போகிற சத்தம் கேட்டு விழித்துக்கொண்டார். நானும் விழித்திருந்தேன்.

லேபில் ஒரு கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை. குழந்தையோடு நானும் அழுதேன். தாய்க்காரி என்னைத் தேற்றினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டரைப் பார்க்க நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

திருவள்ளூருக்கு டிரெயினில் போனோம். அவருக்கு இடது பக்க ஜன்னல் கிடைத்தது. மாற்றி உட்காரலாமா என்றேன். வேண்டாம் என்றார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கழுத்தை முழுக்கத் திருப்பினார். ஒரு தடவை, "மணவூர்," என்று போர்டைப் படித்தார். எனக்குச் சொன்னாரா, தனக்கேவா, தெரியவில்லை.

டாக்டர் டார்ச் அடித்தார், விரல் காட்டினார், காகிதத்தில் கோடு போட்டு அதன் நடுவில் பேனாவால் குறி வைக்கச் சொன்னார். நடு என்று நினைத்து ரொம்ப வலது பக்கம் தள்ளிக் குறி வைத்தார் இவர். பிசியோ பெண் சொன்னதேதான். பயிற்சி செய்தால் கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. ஸ்கேன் மறுபடி எடுக்கணும்.

"வண்டி?" இவர்தான் கேட்டார்.

"இப்ப அந்தப் பேச்சு வேணாம்."

டேபைப் பற்றி நான் கேட்டேன். ஆடட்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் இடது ஓரத்தைத் தேடி விரலை வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். ஓரத்தில் ஒட்ட சிவப்பு ஸ்டிக்கர் வாங்கினேன். என் பொட்டுப் பாக்கெட்தான், பெரிய சைஸ்.

பவித்ராவுக்கு எழுதி அனுப்பியது: கைக்கு அடக்கம். வெளிச்சம் போதும். தொட்டால் கேட்கிறது. சூடு உண்டு. குறை இல்லை.

ஜூன் 18, புதன்

மழை, ஒருவழியாக. சாயங்காலம் அரை மணி நேரம் அடித்து ஓய்ந்தது. தெருவில் தண்ணீர். மாடியில் துணி மொத்தமும் நனைந்தது.

பழம் வெட்டுவதில் இடது பக்கம் இன்று நாலைந்து வெட்டுப்பட்டது. பஸ் கேமை அவர் திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மழை விட்ட பிறகு வாசலில் மூன்று பெண்கள். நீல யூனிஃபார்ம், டிபன் பை. கே.ஜி.கண்டிகையில் ஏறுகிறவர்கள். திருத்தணியிலேயே இறங்கி வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள். அண்ணன் திங்கட்கிழமை வருவார் என்று எதிர்பார்த்தார்களாம். புது டிரைவர் வந்ததும் உடம்புக்குத் திரும்ப ஏதாவதோ என்று பயந்துவிட்டார்களாம். வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார்கள்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அடுப்படியிலிருந்து வந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உடம்பு நல்லாதான்மா கீது. கண்ணுதான். இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல எனக்கு." இடது கையைத் தூக்கிக் காட்டினார். "தெரியலன்றதே தெரியாம இருந்தேன். நீங்க நிக்கற பக்கம் அது. வந்திருந்தா உங்களப் பாத்திருக்க மாட்டேன்."

அவர் நாற்காலிக்கு இடது பக்கம் நின்றிருந்த சின்னப் பெண், மூவரில் ரொம்ப ஒல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப தெரியறேனாண்ணா?"

"ஆங்," என்றார். "தெரியற."

டீ போடப் பால் பத்தவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.